ஆரல்வாய்மொழி வழியாக ஒரு படகு

அப்பாவின் படகு தரை வழியாக ஊரைவிட்டுப் போகும் என்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததே இல்லை. தூத்துக்குடிக்காரர் ஒருவர் வாங்க வந்தபோது, "குமரி முனையைச் சுற்றி நானே ஓட்டிக்கொண்டு வந்து தருகிறேன்" என்றுதான் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். பேச்சு முடிந்தது ஏப்ரலில். பணம் முழுதாகக் கைக்கு வந்தபோது மே கடைசி ஆகிவிட்டது. வாங்கியவரிடம் புது என்ஜின் தயாராக இருந்ததால் அவருக்கு வெறும் படகு போதும். எங்கள் என்ஜினை அதற்குள் அண்ணன் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டான். ஆக, குளச்சல் துறைமுகத்தில் கரையேற்றிவைத்த, என்ஜின் இல்லாத 42 அடி பைபர் படகு ஒன்று, ஆனி மாதக் கடலைப் பார்த்தபடி நின்றது.

இதில் மீன்பிடித் தடைக்காலக் கணக்கும் சேர்ந்துகொண்டது. கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, இரண்டு பக்கமும் 61 நாள். எங்கள் மாவட்டம் இரண்டு கணக்கிலும் வரும். சின்னமுட்டம் கிழக்குக் கணக்கு. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் எல்லாம் மேற்குக் கணக்கு. எங்கள் பக்கம் தடை தொடங்குகிற நேரத்தில் தூத்துக்குடியில் தடை முடியப்போகிறது. வாங்கியவருக்கு ஒவ்வொரு நாளும் காசு. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது என்ஜின் இல்லாத படகைக் கட்டி இழுத்துக்கொண்டு முனையைச் சுற்றுவது நடக்காத காரியம். சரி, லாரியில் ஏற்றிவிடலாம் என்று முடிவானது.

நான் நாகர்கோவிலில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறேன். கடலுக்குப் போகாத மகன். அதனால் இந்தப் பொறுப்பு என் தலையில் வந்தது. அந்தப் பதினைந்து நாளில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். படகைச் சாலையில் கொண்டுபோகிற வேலை வேறு யாருக்காவது வந்தால் உதவட்டும்.

முதலில் அளவு. படகின் அளவு அப்பாவுக்கு மனப்பாடம்: 42 அடி நீளம், 12 அடி அகலம். சாலைக்கு அந்தக் கணக்கு போதாது. தரையிலிருந்து படகின் உச்சி வரைக்கும் எவ்வளவு என்பதுதான் கேள்வி. தாழ்வான டிரெய்லரின் தட்டு தரையிலிருந்து 3 அடி. அதன்மேல் கட்டைகள் 1 அடி. ஏராவின் அடியிலிருந்து, படகை ஓட்டுகிற அறையான வீல் ஹவுஸின் கூரை வரை 13 அடி. கூட்டினால் 17 அடி, அதாவது 5 மீட்டருக்கு மேல். சாதாரண லாரிக்குச் சட்டம் அனுமதிக்கிற உயரம் 4 மீட்டர். அகலத்துக்கு 2.6 மீட்டர், எங்கள் படகோ 3.66 மீட்டர். அகலத்தைக் குறைக்க வழியில்லை, அதனால் அளவு மீறிய சரக்குக்கான அனுமதி வாங்கியே ஆகவேண்டும். ஓ.டி.சி. என்பார்கள். உயரத்தைக் குறைக்க வழி இருந்தது: வீல் ஹவுஸைக் கழற்றிவிட்டால் மிச்சம் அணியத்தின் நுனிதான். அது 13 அடியில் வந்து நின்றது, 4 மீட்டருக்குச் சற்றே கீழே.

அணியம் என்றால் படகின் முன்பக்கம், அமரம் என்றால் பின்பக்கம். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள். கடற்கரைக்கு வெளியே இருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரா என்பது அடியில் முதுகெலும்பு மாதிரி நீளமாக ஓடுகிற கட்டை.

அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டு, நானும் அப்பாவும் பைக்கில் வழியைப் பார்த்துக்கொண்டே போனோம். குளச்சலிலிருந்து திங்கள்நகர், இரணியல், அப்புறம் தேசிய நெடுஞ்சாலை. நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் பெரிதாகப் பயமில்லை. உள்சாலைகளில்தான் ஆபத்து. வீடுகளுக்கு இழுத்த கேபிள் டிவி வயர், சாலைக்கு மேல் சாய்ந்த பலா மரக் கிளை, திருவிழாவுக்குக் கட்டி அவிழ்க்காமல் விட்ட தோரணக் கயிறு. அப்பா பின்னால் உட்கார்ந்து 14 அடி பிளாஸ்டிக் பைப் ஒன்றைப் பிடித்திருந்தார். சந்தேகம் வருகிற இடத்தில் இறங்கி நிமிர்த்திப் பார்ப்போம். கரண்ட் கம்பி போகிற இடத்தில் மட்டும் பைப்பை நிமிர்த்தவே இல்லை. அந்த இடங்களை நோட்டில் குறித்து மின்வாரிய அலுவலகத்தில் கொடுத்தோம். அவர்கள் ஆள் அனுப்பி அளந்து சொன்னார்கள். யாராவது கம்பை வைத்துக் கரண்ட் வயரைத் தூக்கிப் பிடித்து வண்டியை நுழைத்துவிடலாம் என்று சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஈரக் கம்பு ஒன்று போதும், உயிர் போய்விடும். ரயில்வே கேட் வருகிற வழியையும் தவிர்த்தோம். மின்சார ரயில் பாதையில் கேட்டுக்கு இரண்டு பக்கமும் உயரத்தைத் தடுக்க இரும்புச் சட்டம் நட்டிருப்பார்கள். வண்டி அங்கே போய் மாட்டிக்கொண்டால் பின்னால் எடுக்கவும் முடியாது.

அடுத்து, படகை வெறுமையாக்குவது. டீசல் டேங்கில் 400 லிட்டர் கிடந்தது. "கிடந்துட்டுப் போகட்டும், அங்கே போய் வேணும்லா" என்றான் அண்ணன். டீசல் ஒரு லிட்டர் 840 கிராம் வரும், 400 லிட்டர் என்றால் 330 கிலோவுக்கு மேல். எடையைவிட மோசமானது அதன் ஆட்டம். பாதி நிரம்பிய டேங்க், வண்டி வளையும்போதெல்லாம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிப்போய்ச் சாய்வைக் கூட்டும். மொத்தத்தையும் கேன்களில் எடுத்துவிட்டோம். குடிதண்ணீர் டேங்க் காலி. பேட்டரி இரண்டும் கழற்றி வெளியே. ஐஸ் அறையின் மூடிகளை எடுத்து உள்ளேயே அடுக்கிக் கட்டினோம், காற்றுக்கு மூடி பறந்தால் பின்னால் வருகிற பைக்காரரின் கதி என்னாவது? கடலின் ஆழம் பார்க்கிற எக்கோ சவுண்டர், ஜி.பி.எஸ்., வயர்லெஸ் எல்லாவற்றையும் கழற்றும் முன்பு போனில் படம் எடுத்து, ஒவ்வொரு வயர் நுனியிலும் டேப் ஒட்டிப் பேனாவால் எழுதிவைத்தேன். மறுபடி மாட்டப்போவது நானில்லை. அந்த ஊரில் யாரோ ஒருவர். அவருக்கு எழுதுகிற கடிதம் மாதிரிதான் அந்த டேப்புகள்.

படகைத் தள்ளுகிற விசிறியைக் கழற்றிச் சாக்கில் சுற்றினோம். என்ஜின் இல்லாததால், விசிறியைச் சுழற்றுகிற ஷாஃப்டைப் பிடித்து நிறுத்த உள்ளே ஒன்றும் இல்லை. ஆட்டத்தில் பின்னால் வழுகி வெளியே வந்துவிடும். உள்பக்கம் ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கினேன். பிறகு படகின் அடியில் இருக்கிற தண்ணீர் வடிகிற ஓட்டையின் அடைப்பைத் திறந்தேன். ஜூன் மாதம் எங்கள் பக்கம் மழை கேட்டுக்கொண்டு வராது. தளத்தின் பரப்பு 30 சதுர மீட்டர் என்று வைத்தால், ஒரு சென்டிமீட்டர் மழைக்கே 300 லிட்டர் உள்ளே சேரும். அது வடிந்து போகவேண்டும். பித்தளை அடைப்பு, என் கட்டைவிரல் பருமன். கழற்றி அப்பா கையில் கொடுத்தேன். வேட்டி மடியில் செருகிக்கொண்டார்.

வீல் ஹவுஸை எடுப்பது அரை நாள் வேலை என்று நினைத்தேன். இரண்டு நாள் ஆயிற்று. உப்புக்காற்றில் நட்டெல்லாம் துருப்பிடித்து ஒன்றாகிவிட்டது. கிரைண்டரில் அறுக்கும்போது பொறி பறக்கும், பைபர் தீப்பிடிக்கும், டீசல் வாடை வேறு போகவில்லை. பக்கத்தில் ஈரச்சாக்கும் வாளித் தண்ணீரும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அறுத்தோம். இதைப்பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

இப்போது நான் சொல்ல ஆசைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன்.

படகு தண்ணீரில் இருக்கும்போது அதைத் தண்ணீர் எல்லா இடத்திலும் தாங்குகிறது. அணியத்திலிருந்து அமரம் வரை, நனைகிற ஒவ்வொரு அங்குலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏந்திக்கொள்கிறது. அந்த எட்டு டன்னும் ஒரே இடத்தில் அழுத்துவதே கிடையாது. பைபர் சுவர் சில மில்லிமீட்டர் கனத்தில் இருந்தும் உடையாமல் இருப்பது அதனால்தான். தரைக்கு வந்தவுடன் அந்தக் கை போய்விடுகிறது. இனி எந்தெந்த இடத்தில் படகு குத்தி நிற்கவேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்யவேண்டும். தூக்குவது, நிறுத்துவது, கட்டுவது எல்லாமே அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிற வேலைதான்.

அப்பா இதை ஒரே வரியில் சொன்னார். நான் பெல்ட்டின் தரம், பூட்டு, எத்தனை டன் தாங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "மக்கா, கட்டுறத அப்புறம் பாரு. எங்க குத்தி நிக்கப்போவுதுன்னு முதல்ல பாரு."

தூக்குகிற அன்று காலை 25 டன் கிரேன் வந்தது. அந்த 25 டன் என்பது கையை நீட்டாமல் அருகில் தூக்கும்போதுள்ள கணக்கு. கை நீள நீளத் திறன் குறைந்துகொண்டே போகும். அதனால் கிரேனை எவ்வளவு நெருக்கமாக நிறுத்த முடியுமோ அவ்வளவு நெருக்கமாக நிறுத்தினோம். இரண்டு அகலப் பெல்ட்டுகளை அடியில் கொடுத்தோம். எக்கோ சவுண்டரின் கண் படகின் அடியில் இருக்கிறது, பின்னால் ஷாஃப்ட் இருக்கிறது, இரண்டையும் தவிர்த்தோம். முன்பு கரையேற்றியபோது பெல்ட் போட்ட அதே இடங்கள். எல்லாரும் தலையாட்டினார்கள், நானும்தான்.

ஒரு சாண் தூக்கியிருப்பார்கள். அமரம் மேலே வந்தது, அணியம் வரவில்லை. படகு மூக்குக் குத்தியது. முன் பெல்ட் வழுகுகிற சத்தம் கேட்டது. "இறக்கு, இறக்கு" என்று ஆளாளுக்குக் கத்தினோம். கிரேன் அண்ணன் பதற்றமில்லாமல் மெதுவாக இறக்கினார். அவர் கையை நான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

தப்பு என்னுடையது. என்ஜினும் கியர் பாக்ஸும் சேர்ந்து முக்கால் டன், அதுவும் அமரத்தின் பக்கம். அது போனபிறகு படகின் எடைமையம் முன்னால் நகர்ந்துவிட்டது. பழைய இடத்தில் பெல்ட் போட்டால் மூக்குக் குத்தாமல் என்ன செய்யும்? பட்டறையில் நாள்தோறும் இந்தக் கணக்கோடு பழகுகிறவன், படகு என்றவுடன் பழக்கத்தை நம்பிவிட்டேன். இரண்டு பெல்ட்டையும் முன்னால் நகர்த்தி மறுபடி தூக்கினோம். மூன்றாவது முறை மட்டமாக வந்தது. உடனே பெல்ட் நின்ற இடங்களில் இரண்டு பக்கமும் வெள்ளைப் பெயின்டில் அம்புக்குறி போட்டேன், தூத்துக்குடியில் இறக்குகிறவர்கள் எங்களைப் போலத் தேடவேண்டாமே.

இன்னொரு சத்தமும் கேட்டது: படகின் விளிம்பில் ஒரு முனகல். பெல்ட்டின் இரண்டு காலும் மேலே ஒரே கொக்கியில் சேரும்போது, அவை படகின் இரண்டு விளிம்பையும் உள்நோக்கி நெருக்கும். கால்கள் படுக்கப் படுக்க இழுவை கூடும். தரையோடு 60 பாகையில் நின்றால் ஒவ்வொரு காலும் அந்தப் பெல்ட் சுமக்கிற பாரத்தில் 58 சதவீதம் இழுக்கும்; 30 பாகைக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு காலும் முழுப் பாரத்தையும் இழுக்கும். விளிம்புகளுக்கு நடுவே குறுக்காக இரண்டு பனஞ்சட்டங்களை இறுக்கமாக அடித்து வைத்தோம். முனகல் நின்றது.

டிரெய்லரில் ஏராவுக்கு அடியில் வைக்க ஒன்பது பனந்தடிகளைச் சீவி வைத்திருந்தோம். பனை நசுங்காது. படகின் முழு எடையும் ஏராவில் நிற்கவேண்டும். பக்கவாட்டு முட்டுகள் சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டும்தான். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். பக்க முட்டுகளை இறுக்கி இறுக்கி எடையை அவற்றில் ஏற்றிவிடுகிறார்கள். நூறு கிலோமீட்டர் குலுங்கிய பிறகு முட்டு நின்ற இடத்தில் பைபர் உள்ளே குழிந்திருக்கும், சில சமயம் அடுக்கு பிரிந்திருக்கும். வெளியே பெயின்ட் மட்டும் வெடித்த மாதிரி தெரியும். உள்ளே தண்ணீர் இறங்குவது பிறகுதான் தெரியவரும்.

ஏரா நேர்கோடாக இருக்காது, நடுவில் லேசாக வளைந்திருக்கும். ஒன்பது தடியில் நான்கு மட்டும் தொட்டுக்கொண்டு ஐந்து சும்மா கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆப்பு அடித்து, ஆக்சா பிளேடு நுழைகிறதா என்று பார்த்தேன். நுழைந்தால் இன்னொரு தட்டு. ரொம்ப அடித்தால் பக்கத்துத் தடி தளர்ந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. இரண்டு மணிநேரம் படகுக்கு அடியில் கிடந்தேன். பக்க முட்டுகளுக்கு இடம் குறிக்க, பைபர் வேலை செய்கிற சித்தப்பா உள்ளே இறங்கி, குறுக்குத் தடுப்புகள் சுவரைத் தொடுகிற இடங்களில் சுத்தியலால் தட்டினார். வெளியே காதை வைத்துக் கேட்டு நான் சாக்பீஸால் கோடு போட்டேன். தடுப்பு இல்லாத இடத்தில் சத்தம் பறை மாதிரி அதிரும். தடுப்புள்ள இடத்தில் கெட்டியாகக் கேட்கும். மூன்று ஜோடி முட்டுகளும் அந்தக் கெட்டியான கோடுகளில்தான் நின்றன, நுனியில் பழைய டயர்த் துண்டுகளோடு.

கட்டுவதற்கு அண்ணன் நைலான் கயிறு கொண்டுவந்தான். கடலில் நைலான் நல்லது, ஏனென்றால் அது இழுபடும். அலையின் உதறலை வாங்கிக்கொள்ளும். அதே காரணத்துக்காகச் சாலைக்கு ஆகாது. நனைந்தால் இன்னும் தளரும். பாலியஸ்டர் பெல்ட்டும், அதை இறுக்குகிற பல்சக்கரமான ரேச்சட்டும் வாடகைக்கு எடுத்தோம். பிரேக் போடும்போது சரக்கின் எடையில் 80 சதவீதம் முன்னோக்கித் தள்ளும் என்றும், வளைவிலும் கிளம்பும்போதும் பாதி எடை பக்கவாட்டிலோ பின்னோக்கியோ தள்ளும் என்றும் வைத்துத்தான் சரக்கைக் கட்டுவார்கள். எட்டு டன் படகு என்றால் முன்னோக்கி மட்டும் 6.4 டன். அதனால் மேலே போட்டு அமுக்குகிற பெல்ட் தவிர, அணியத்திலிருந்தும் அமரத்திலிருந்தும் குறுக்குமறுக்காகத் தனி பெல்ட்டுகள்.

அணியத்தில் "சகாய மாதா" என்ற எழுத்து இருக்கிறது. அப்பா நின்று எழுதவைத்தது. ஒரு பெல்ட் சரியாக 'மா'வின் மேல் போயிற்று. நகர்த்தவும் இடமில்லை. சித்தப்பா வீட்டுக்குப் போய்ப் பழைய மெத்தை உறை ஒன்றைக் கொண்டுவந்து நான்காக மடித்து அடியில் வைத்தார். படகு வேறொருவருடையது ஆகிவிட்டது, அவர் பெயரை மாற்றினாலும் மாற்றுவார். அதை யாரும் சொல்லவில்லை.

தார்ப்பாய் போர்த்தலாமா என்று பேச்சு வந்தது. வேண்டாம் என்றேன். காற்றில் படபடவென்று அடிக்கிற தார்ப்பாய் சில மணிநேரத்தில் பெயின்டை உப்புத்தாள் போட்ட மாதிரித் தேய்த்துவிடும்.

விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். முன்னால் சிவப்புக் கொடி கட்டிய ஜீப்பில் அப்பாவும் நானும், நடுவில் டிரெய்லர், பின்னால் மினி லாரியில் வீல் ஹவுஸ். தெருமுனை வரைக்கும் அம்மா நடந்து வந்தார். இரணியல் தாண்டி முதல் நிறுத்தம். எல்லா பெல்ட்டும் இரண்டு பல், மூன்று பல் தளர்ந்திருந்தன. படகு டயர்த் துண்டுகளுக்குள் அமர்ந்துவிட்டது, அவ்வளவுதான். முதல் பதினைந்து இருபது கிலோமீட்டருக்குள் நின்று இறுக்குவது எவ்வளவு முக்கியம் என்று அங்கே புரிந்தது. பார்வதிபுரம் மேம்பாலத்தில் ஏறி, வடசேரி, ஒழுகினசேரி என்று பள்ளிக்கூட நேரத்துக்கு முன்பே நாகர்கோவிலைக் கடந்தோம். தோவாளையில் பூச்சந்தை முடிந்து கூடைகளோடு பஸ்ஸுக்கு நின்றவர்கள் படகைப் பார்த்துக் கையாட்டினார்கள்.

ஆரல்வாய்மொழிதான் நான் பயந்த இடம். மலைக்கு நடுவே உள்ள அந்த இடைவெளியில் ஆனி, ஆடியில் காற்று குழாயில் வருகிற மாதிரி வரும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மாவா? எங்கள் படகின் பக்கச் சுவர் ஏறக்குறைய 26 சதுர மீட்டர். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே அடிக்கிற காற்று அதை 300 கிலோவுக்கு மேல் தள்ளும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நான்கு மடங்காகும். டிரைவர் அண்ணனிடம் 25-க்கு மேல் போகவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவர் 20-ல் போனார். காற்றாலைகளின் இறக்கைகள் சுற்றிக்கொண்டிருந்தன. பெல்ட்டுகள் காற்றில் ஒரு சுருதியில் ரீங்கரித்தன. அப்பா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் படகையே பார்த்துக்கொண்டு வந்தார். "கச்சான்" என்று மட்டும் சொன்னார். கடலில் எத்தனையோ வருஷம் அந்தப் படகு வாங்கிய அதே மேல்காற்றுதான்.

காவல்கிணறு தாண்டியதும் நான்கு வழிச்சாலை. பெல்ட் சரிபார்க்க மூன்று முறை நின்றோம், ஒரு முறை சாப்பிட. மாலை தூத்துக்குடி.

மறுநாள் காலை அங்கே கிரேன்காரர் வெள்ளை அம்புகளைப் பார்த்துப் பெல்ட் போட்டார். முதல் தூக்கிலேயே மட்டம். பக்கச் சுவரெல்லாம் கையால் தடவிப் பார்த்தேன், எங்கும் குழியில்லை. இறக்கலாம் என்று கை காட்டப்போனபோது அப்பா தடுத்தார். மடியிலிருந்து அந்தப் பித்தளை அடைப்பை எடுத்தார். நான் கழற்றிக் கொடுத்ததிலிருந்து, தூங்கும்போதும், அது அவரிடமே இருந்திருக்கிறது. நூல் சுற்றி, கிரீஸ் தடவி, தானே குனிந்து திருகினார்.

படகு தண்ணீரைத் தொட்டது. பெல்ட்டைத் தளரவிட்டோம், ஆனால் உருவவில்லை. ஷாஃப்ட் வழியாகவோ அடைப்பு வழியாகவோ தண்ணீர் ஏறினால் உடனே தூக்கவேண்டும். அப்பா டார்ச்சோடு உள்ளே இறங்கினார். வாங்கியவரும் அவருடைய ஆட்களும் படித்துறையில் நின்றார்கள். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கீழிருந்து குரல் வந்தது.

"காய்ஞ்சு கெடக்கு. பெல்ட்ட உருவிக்கிடுங்க."